குழிக்குப் போகாத மூட்டைகள்

தம்பி: ...அதான் சொல்றேன்ல அண்ணி, வண்டி படுத்துக்கிச்சு. எண்ணெய் ஒழுகுது. சாயங்காலம் பேசலாமே.

அண்ணி: முதல்ல வண்டிக்கு அடியிலேர்ந்து வெளிய வா.

தம்பி: கையெல்லாம் கிரீஸு.

அண்ணி: உன் கையப் பிடிச்சுக் குலுக்கவா வந்திருக்கேன்? மூஞ்சியப் பாத்துப் பேசணும். வா.

தம்பி: இந்த ஒரு நட்டு மட்டும்... அங்கேர்ந்தே சொல்லுங்களேன், காது நல்லாத்தான் கேக்குது.

அண்ணி: எனக்குத் தெரியறது ரெண்டு காலுதான். உன் செருப்போடவா நான் பேசிட்டிருக்கறது?

தம்பி: சரி சரி... வந்துட்டேன். இதோ மூஞ்சி. நல்லாப் பாத்துக்கோங்க. என்ன, சுத்திகரிப்பு ஷெட்ட விட்டுட்டு இந்த நேரத்துல ஒர்க்‌ஷாப் பக்கம்? அண்ணன் சாப்பாட்டு டப்பாவ மறுபடியும் மறந்துட்டாரா?

அண்ணி: குழிக்குப் போயிட்டு வரேன்.

தம்பி: எந்தக் குழி?

அண்ணி: உனக்கு எத்தன குழி இருக்கு? குன்றுக்கு அந்தப் பக்கம். கசடு மூட்டை அடுக்கற குழி.

தம்பி: ...

அண்ணி: என்ன, நட்டு தொண்டையில மாட்டிக்கிச்சா?

தம்பி: இல்ல... நீங்க எதுக்கு அங்க போனீங்க? அந்தப் பக்கமே வர மாட்டீங்களே. அது ஏத்தம், வெயிலு வேற...

அண்ணி: சும்மா. போகணும்னு தோணுச்சு, போனேன்.

தம்பி: சும்மாவா அந்த ஏத்தம் ஏறினீங்க?

அண்ணி: கேள்விய நான் கேக்கறேன். வாராவாரம் என் ஷெட்டுலேர்ந்து மூட்டை ஏத்திக்கிட்டுப் போறியே, எங்க போற?

தம்பி: குழிக்குத்தான்.

அண்ணி: பாதையில புல்லு மொளைச்சிருக்கு.

தம்பி: புல்லு எங்கதான் மொளைக்கல?

அண்ணி: டயர் போற பாதையில மொளைக்காது. குழி காலி. புதுசா ஒரு மூட்டை இல்ல. சரி, அதையாவது விடு. முன்னாடி போட்டு வச்சதும் இல்ல. ஒண்ணுகூட இல்ல. மழைத்தண்ணி நிக்குது, தவளை கத்துது.

தம்பி: மழையில அடிச்சுட்டுப் போயிருக்கும்.

அண்ணி: அம்மாம் பெரிய குழியில கெடந்த மூட்டையெல்லாம் கரையேறி நடந்து போச்சாக்கும்?

தம்பி: அண்ணி, உங்களுக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்னு பாத்தேன். செங்கல் சூளைக்காரன் கேட்டான். மண்ணோட கலந்து அறுக்கறதுக்கு. சும்மா கெடக்கறதுதானேன்னு...

அண்ணி: எந்தச் சூளை?

தம்பி: ரோட்டு முக்குல இருக்கே, அது.

அண்ணி: அது மூடி எவ்வளவு நாளாச்சு! இப்ப அங்க டயர் கடை. நீ டயர் மாத்தினதே அங்கதான். பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் சாமர்த்தியம் வேணும் தம்பி. உனக்கு அது வரல. விட்டுடு.

தம்பி: விடணும்னா நீங்களும் விடுங்களேன். எங்கயோ போச்சு. உங்க தொட்டியிலேர்ந்து தண்ணி சுத்தமா வருதா இல்லையா? சுரங்கத்துலேர்ந்து வர்ற அந்தச் செவப்புத் தண்ணி இப்ப கண்ணாடி மாதிரி ஓடையில விழுதா இல்லையா? அது போதாதா?

அண்ணி: சுத்தமா வருது. அதனாலதான் கேக்கறேன். அந்தத் தண்ணியில இருந்ததெல்லாம் எங்க போச்சுன்னு நெனச்ச? ஆவியாப் பறந்துடுச்சா?

தம்பி: நீங்க சுண்ணாம்பு போடறீங்க. சப்பாத்திக்கள்ளிச் சாறு ஊத்தறீங்க. மரப்பட்டைத் தூள் கலக்கறீங்க. அது... எல்லாத்தையும் சாப்பிட்டுடுது.

அண்ணி: எது சாப்பிடுது?

தம்பி: சாறுதான். செடியில்ல? கெட்டதையெல்லாம் இழுத்துக்கும்னு நீங்கதானே...

அண்ணி: இழுத்துக்கும்னு சொன்னேன். செரிச்சுடும்னு சொன்னேனா?

தம்பி: ரெண்டும் ஒண்ணில்லையா?

அண்ணி: ஐயோ... கேளு. கள்ளிச் சாறு கொழகொழன்னு இருக்கும்ல? அது தண்ணியில இருக்கற ஈயம், காட்மியம், செம்பு எல்லாத்தையும் பிடிச்சுத் திரட்டி, கனமாக்கி, அடியில கொண்டுபோய் உக்கார வைக்குது. மேல தண்ணி தெளிஞ்சுடும். அடியில நிக்கற சேறு... அதுதான் நீ ஏத்திட்டுப் போற கசடு. ஒரு குளத்துல பரவிக் கெடந்த விஷம் அத்தனையும் ஒரு மூட்டைக்குள்ள.

தம்பி: அத்தனையுமா?

அண்ணி: அத்தனையும். இப்பச் சொல்லு. எங்க கொண்டு போன?

தம்பி: உக்காருங்க அண்ணி.

அண்ணி: நான் உக்காரறதுக்கு வரல.

தம்பி: இல்ல... எனக்கு உக்காரணும்.

அண்ணி: உக்காரு. உக்காந்து சொல்லு.

தம்பி: லைன் வீடுங்க இருக்குல்ல... சுரங்கத்துக்குள்ள வேலை பாக்கறவங்க இருக்கற வரிசை. அதுக்குப் பின்னாடி.

அண்ணி: பின்னாடி பள்ளமா?

தம்பி: பள்ளம் இல்ல. பாத்தி.

அண்ணி: பாத்தின்னா?

தம்பி: தோட்டம் போட்டிருக்காங்க, அங்க இருக்கற பொம்பளைங்க. ஆளுக்குக் கொஞ்சம் எடம்.

அண்ணி: பூவா?

தம்பி: ...

அண்ணி: பூன்னு சொல்லேன் தம்பி.

தம்பி: கீரை.

அண்ணி: கீரையா?

தம்பி: கீரை, முள்ளங்கி, தக்காளி கொஞ்சம். பெரும்பாலும் கீரைதான். சீக்கிரம் வருதுன்னு.

அண்ணி: எப்பலேர்ந்து?

தம்பி: அந்தப் பெரிய மழைக்கு அப்புறம்.

அண்ணி: அதுக்கப்புறம் ஒரு வெயில் காலமே வந்துட்டுப் போயிடுச்சே.

தம்பி: அண்ணி, அந்த மண்ணு கல்லு அண்ணி. ஒண்ணுமே மொளைக்காது. அவங்களும் என்னென்னவோ போட்டுப் பாத்தாங்க. நான் கொண்டுபோய்ப் போட்ட பெறகு நீங்க பாக்கணும்... எலை ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம்! என்னைப் பாத்தாலே ‘கீரைக்காரர் வந்துட்டாரு’ன்னு கத்துவாங்க. லாரி ஓட்டறவனுக்கு யாரு அண்ணி இப்படிக் கூப்பிட்டுத் தண்ணி கொடுக்கறாங்க?

அண்ணி: மொளைக்கும். சுண்ணாம்பு இருக்கு, பட்டைச் சக்கை இருக்கு, நல்லாவே மொளைக்கும். அதுக்குள்ள இருக்கறது வேருவழியா ஏறி எலையில போய் உக்காந்துக்கும். அதுவும் கீரை இருக்கே... மத்த எதையும்விட அதுதான் நல்லா உறிஞ்சும்.

தம்பி: கழுவினா போகாதா?

அண்ணி: எலைக்கு மேலயா இருக்கு, கழுவறதுக்கு? உள்ள இருக்கு.

தம்பி: வேக வச்சா?

அண்ணி: ஈயம் வேகுமா?

தம்பி: நீங்கதான் அண்ணி சொன்னீங்க.

அண்ணி: நான் என்ன சொன்னேன்?

தம்பி: ஷெட்டு தொறந்த அன்னிக்கு. எல்லாரையும் கூட்டி வச்சு, கைய விட்டு அள்ளிக் காமிச்சு, ‘இதுல மருந்து கிருந்து எதுவும் கெடையாது, வெறும் செடி’ன்னு சொன்னீங்க. லைன் வீட்டுப் பொம்பளைங்க முன்வரிசையில உக்காந்திருந்தாங்க. கை தட்டினாங்க.

அண்ணி: நான் அள்ளினது சாறு!

தம்பி: பக்கத்துத் தொட்டியில கசடும் இருந்தது. எது சாறு எது கசடுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? ரெண்டும் ஒரே மாதிரி கொழகொழன்னுதான் இருந்தது.

அண்ணி: மூட்டை மேல செவப்புல ‘அபாயம்’னு எழுதி வச்சிருக்கேனே, கண்ணு தெரியாதா?

தம்பி: இந்தச் சுரங்கத்துல எது மேலதான் அபாயம்னு எழுதல? கக்கூஸ் கதவுல எழுதியிருக்கு. டீ போடற அறையில எழுதியிருக்கு. அதையெல்லாம் பாத்துப் பயந்தா மூச்சே விட முடியாது.

அண்ணி: ...அதுவும் சரிதான்.

தம்பி: அண்ணி... சாப்பிட்டா என்ன ஆகும்?

அண்ணி: ஒரு வேளை ரெண்டு வேளையில ஒண்ணும் தெரியாது. அதுதான் இதுல கொடுமை. வாந்தி வந்தா, வயித்த வலிச்சா, உடனே நிறுத்திடுவாங்க. இது சத்தம் போடாம உள்ள தங்கும். எலும்புல, சிறுநீரகத்துல. பெரியவங்களுக்கு வருஷம் கழிச்சுத் தெரியும்.

தம்பி: சின்னவங்களுக்கு?

அண்ணி: ஏன், அங்க குழந்தைங்க நெறைய பேரா?

தம்பி: எல்லா வீட்டுலயும் இருக்கு. சொல்லுங்க, சின்னவங்களுக்கு என்ன ஆகும்?

அண்ணி: ஈயம் சின்னப் புள்ளைங்களுக்கு ஆகவே ஆகாது. வளர்ச்சி நின்னு போகும். படிப்பு ஏறாது. எவ்வளவு சேந்திருக்குன்னு ரத்தத்த எடுத்துப் பாத்தாத்தான் சொல்ல முடியும்... தம்பி? ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?

தம்பி: தையக்கார வீட்டுல ஒரு குட்டிப் பொண்ணு இருக்கு.

அண்ணி: எந்தத் தையக்கார வீடு?

தம்பி: லைன்ல கடைசி வீடு. அங்க தைக்கறவளோட புருஷன் சுரங்கத்துக்குள்ள சரிவுல செத்துப் போயிட்டான்ல, மூணு வருஷம் முன்னாடி... அவங்க வீடு.

அண்ணி: ஓ. கொஞ்ச நாளா உன் சட்டையில ஒரு பட்டன்கூட தொங்காம இருக்கறது இப்பத்தான் புரியுது.

தம்பி: அண்ணி, இப்பக் கேலி வேணாம்.

அண்ணி: சரி. இல்ல. சொல்லு.

தம்பி: அந்தக் குட்டிக்குக் கீரையே பிடிக்காது. வாய இறுக்கி மூடிக்கும். அவங்க அம்மா கெஞ்சினாலும் தொறக்காது. நான்தான்... கையில உருட்டி வச்சுக்கிட்டு, லாரி வருது, லாரி வருது, கேட்டைத் தொறங்கன்னு ஆரன் அடிப்பேன். உடனே ‘ஆ’ன்னு தொறக்கும். நான் போற அன்னிக்கெல்லாம் நான்தான் ஊட்டுவேன். ‘நீங்க வந்தாத்தான் இவளுக்குக் கீரை எறங்குது’ன்னு அவங்க அம்மா சொல்லுவா. இந்தக் கையாலதான்.

அண்ணி: தம்பி, எதுவுமே ஆகாம இருக்கலாம். எவ்வளவு ஏறியிருக்குன்னு நமக்கு இன்னும் தெரியாது. சீக்கிரம் நிறுத்திட்டா...

தம்பி: உங்ககிட்டயும் அண்ணன்கிட்டயும் சொல்லணும்னு இருந்தேன். அவளும் கல்யாணத்துக்குச் சரின்னுட்டா. குட்டி என்னை ‘லாரி’ன்னுதான் கூப்பிடும். அப்பான்னு கூப்பிட வைக்கறேன் பாருன்னு பந்தயம் போட்டிருந்தேன்...

அண்ணி: அழாத. கிரீஸ் கையால கண்ணத் தேய்க்காத. இந்தா, இதுல தொடை.

தம்பி: இப்ப என்ன பண்றது?

அண்ணி: யோசிக்கணும். அவசரப்படக் கூடாது. மேனேஜர் காதுக்கு இது போச்சுன்னா, அவருக்கு வேற ஒண்ணும் வேணாம். ‘பாத்தீங்களா, செடியாம் செடி’ன்னு சொல்லி அன்னிக்கே ஷெட்டுக்குப் பூட்டு. அப்புறம் பழையபடி நேரா ஓடையில தொறந்து விட்டுடுவாங்க. ஓடைக்குக் கீழ எவ்வளவு ஜனம் இருக்கு? அவங்க கெணறு மறுபடியும் செவக்கும்.

தம்பி: அதுக்கு?

அண்ணி: தோட்டத்துல பூச்சி மருந்து தப்பா அடிச்சுட்டாங்கன்னு சொல்லிடலாம். எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுடலாம். கம்பெனி செலவுல காய்கறி வாங்கிக் கொடுத்துடலாம்.

தம்பி: பிடுங்கினா மறுபடி நடுவாங்க.

அண்ணி: மண்ண வெட்டி எடுத்துடலாம்.

தம்பி: எதுக்குன்னு கேப்பாங்கல்ல?

அண்ணி: ஏதாவது சொல்லலாம். குழாய் பதிக்கறோம்னு...

தம்பி: புள்ளைங்க ரத்தத்த எடுக்கணும்னீங்களே. ஊசிய வச்சுக்கிட்டு நிக்கும்போது என்ன சொல்லுவீங்க? குழாய் பதிக்கறோம்னா? பொய் சொல்ல எனக்குத்தான் வரலைன்னீங்க. உங்களுக்கும் வரல அண்ணி.

அண்ணி: வரல.

தம்பி: நான் போய்ச் சொல்றேன். நான்தான் போட்டேன், எனக்குத் தெரியாதுன்னு. உங்க பேரு, ஷெட்டு பேரு எதுவும் வராம.

அண்ணி: எப்படி வராமப் போகும்? மூட்டையில ஷெட்டு பேருதான் இருக்கு. இரு, எனக்கு ஒண்ணு புரியல. குழிக்கு ஏன் கொண்டு போகல? அத நீ இன்னும் சொல்லவே இல்ல.

தம்பி: பாதை சரியில்ல.

அண்ணி: நான் இப்பத்தான் அதுல நடந்துட்டு வரேன்.

தம்பி: மழை நேரத்துல சரியில்ல. அப்படியே பழகிடுச்சு.

அண்ணி: அப்ப, ஏற்கனவே குழிக்குள்ள கெடந்த மூட்டைய எதுக்கு வெளிய எடுத்த?

தம்பி: அது... எரு பத்தலைன்னாங்க.

அண்ணி: தனியாவா எடுத்த?

தம்பி: ஆமா.

அண்ணி: ஊறின மூட்டைய? அந்தச் சரிவுல? சமையல் சிலிண்டர மாத்தச் சொன்னாலே முதுகப் பிடிச்சுக்கிட்டு ஓடறவன் நீ.

தம்பி: தூக்கினேன்னா தூக்கினேன்தான். ஐயோ... அண்ணன் வராரு. அண்ணி, ஒரே ஒரு உதவி. அண்ணன்கிட்ட எதுவும் கேக்காதீங்க.

அண்ணி: ஏன்? குழிக்கு சூப்பர்வைசரே அவருதானே?

தம்பி: அதனாலதான் சொல்றேன். கால்ல வேணா விழறேன்.

அண்ணன்: என்னடா இது, ரெண்டு பேரும் திருடு போன வீட்டுக்காரங்க மாதிரி நிக்கறீங்க? ஏம்மா, உன்னைத்தான் ஊரெல்லாம் தேடறாங்க. பம்பை யாரு நிறுத்தச் சொன்னது?

அண்ணி: நான்தான்.

அண்ணன்: நிறுத்தினா சுரங்கத் தண்ணி தேங்கற குளம் நெரம்பிடும்மா! மதியத்துக்கு மேல தாங்காது. மேனேஜர் ஜீப்பு ஷெட்டு வாசல்லயே நிக்குது.

அண்ணி: கசடு வைக்க எடம் இல்லாம தண்ணிய எதுக்கு வடிக்கணும்?

அண்ணன்: எடம் இல்லையா? குழி இருக்கே.

அண்ணி: இருக்கா?

அண்ணன்: இருக்கு. ஏன், என்ன?

தம்பி: அண்ணே, அண்ணிக்குத் தெரிஞ்சு போச்சு. மூட்டையெல்லாம் நான் லைன் வீட்டுத் தோட்டத்துல கொட்டிட்டேன். எனக்காத் தோணுச்சு, செஞ்சேன். உனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. உன்கிட்ட கேக்காம செஞ்சது என் தப்பு.

அண்ணன்: ...ஓ.

அண்ணி: ‘ஓ’வா?

அண்ணன்: பின்ன என்ன சொல்றது?

அண்ணி: டீசல் ரெண்டு சொட்டு சிந்தினான்னா தெரு முழுக்கக் கேக்கற மாதிரி கத்துவீங்க. இவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்கான், ‘ஓ’ங்கறீங்க.

அண்ணன்: கத்தி என்ன ஆகப் போகுது? ஆனது ஆச்சு. இனிமே போட வேணாம்னு சொல்லிடலாம். நீ வந்து பம்பைப் போடு. செடிக் கசடுதானே...

தம்பி: அண்ணே, அது செடிக் கசடு இல்ல. நீ பேசாத.

அண்ணன்: என்னடா?

தம்பி: ஈயம். அப்புறம் இன்னொண்ணு, பேரு வாயில நுழையல. எல்லாம் எலைக்குள்ள ஏறியிருக்காம். கழுவினாலும் போகாதாம். புள்ளைங்க ரத்தத்தப் பாக்கணுமாம்.

அண்ணன்: யாரு சொன்னது?

அண்ணி: நான் சொல்றேன்.

அண்ணன்: அவ்வளவு மோசமாவா?

அண்ணி: குழியில அம்மாம் தடியா பிளாஸ்டிக் ஷீட்டு விரிச்சீங்களே, அழகுக்கா விரிச்சீங்க?

அண்ணன்: ஓடைக்கு எறங்கிடக் கூடாதுன்னு.

அண்ணி: ஓடைக்கு எறங்கக் கூடாதது வயித்துக்குள்ள எறங்கலாமா?

அண்ணன்: நான் அப்படி யோசிக்கல.

அண்ணி: நீங்க எதுக்கு யோசிக்கணும்? போட்டது அவன்தானே?

தம்பி: அண்ணே, நீ ஷெட்டுக்குப் போ. மேனேஜர் நிக்கறாருன்னியே, போ.

அண்ணன்: நீ சும்மா இருடா.

தம்பி: போன்னு சொல்றேன்ல!

அண்ணன்: சும்மா இருடான்னா! எத்தனை நாளைக்கு உன் முதுகுக்குப் பின்னாடி நான் ஒளிஞ்சுக்கறது?... அந்த மழையில மேலேர்ந்து பாறை உருண்டு விழுந்துச்சும்மா. ஷீட்டு நடுவுல கிழிஞ்சு போச்சு. நான்தான் மொதல்ல பாத்தேன். மேனேஜர்கிட்ட சொன்னா ஷெட்ட மூடிடுவாரு. உன்கிட்ட சொன்னா நீயே மூடிடுவ. உன்னை எனக்குத் தெரியாதா? அந்தக் கள்ளிய அறுத்து அறுத்து நீ வீட்டுக்கு வருவ... ஊசியக் காய்ச்சி உன் உள்ளங்கையிலேர்ந்து முள்ளு எடுத்துவிடறவன் நான். ஒரு கிழிஞ்ச ஷீட்டுக்காக அதெல்லாம் போயிடணுமான்னு இருந்தது. மூட்டை அங்க கெடந்தா கசியும், ஓடை கெடும், உன் பேரு கெடும். அதான் எடுத்துடலாம்னு நெனச்சேன்.

அண்ணி: எடுத்து?

அண்ணன்: லைன் வீட்டுல எரு எருன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. செடியிலேர்ந்து வந்தது செடிக்கே போகட்டும்னு நெனச்சேன். உன் வாயால கேட்டதுதானே, வெறும் செடின்னு. நானும் இவனும் சேந்துதான் தூக்கினோம். அண்ணிகிட்ட மூச்சு விடாதடான்னு நான்தான் சொன்னேன். இவன் மேல குத்தம் இல்ல.

தம்பி: என் மேலயும்தான் இருக்கு. உன்னை எதுத்து ஒரு வார்த்தை கேக்கல. எனக்கும் அங்க போக ஒரு காரணம் கெடச்சுதேன்னு இருந்துட்டேன்.

அண்ணன்: என்ன காரணம்?

தம்பி: அப்புறம் சொல்றேன் அண்ணே. இப்பச் சொல்ல முடியாது.

அண்ணன்: ஏம்மா, ஏதாவது பேசு. திட்டறதுன்னா திட்டு. இப்படி நிக்காத.

தம்பி: அண்ணி?

அண்ணன்: ஷீட்டு கிழிஞ்சதுன்னு சொல்றேன், கேட்டுக்கிட்டுத்தானே இருக்க? ஏன்னு ஒரு கேள்வி கேக்க மாட்டேங்கற. ஆச்சரியம்கூடப் படல நீ.

தம்பி: அண்ணி... நீங்க இன்னிக்கு எதுக்குக் குழிக்குப் போனீங்க?

அண்ணி: மழை விட்ட வாரமே குழிக்குக் கீழ ஓடைத் தண்ணி எடுத்துச் சோதிச்சுப் பாத்தேன். ஈயம் இருந்தது. ஷீட்டு கிழிஞ்சிருக்கும்னு அப்பவே புரிஞ்சுது. அந்தத் தண்ணியக் கீழ ஊத்திட்டேன். உங்ககிட்டகூடச் சொல்லல... சொன்னா நீங்க நேர்மையா மேனேஜர்கிட்ட போய் நிப்பீங்கன்னு பயம். அப்புறம் பாத்தா, ஓடை அதுவா சரியாயிடுச்சு. எப்படிச் சரியாச்சுன்னு ஒரு தடவை போய் எட்டிப் பாக்க எனக்கு மனசு வரல. நல்லா இருக்கறதக் கெளறுவானேன்னு இருந்துட்டேன். நேத்து ஷெட்டப் பாக்க வெளியூர்லேர்ந்து வந்தவங்க அந்த ஓடைத் தண்ணியக் கையில அள்ளிப் பாத்துட்டு எனக்குக் கை கொடுத்தாங்க பாருங்க... அது தாங்கல, அதான் காலையில போனேன். அன்னிக்கே நான் வாயத் தொறந்திருந்தா உங்க ரெண்டு பேருக்கும் தூக்கறதுக்கு மூட்டையே இருந்திருக்காது. தம்பி, எழுந்திரு. வண்டி கெடக்கட்டும், நடந்தே போலாம். கடைசி வீட்டுலேர்ந்து ஆரம்பிக்கலாம். முதல்ல நான் பேசறேன்.